இடது காலுக்கு ஓர் அடி

ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியிலும் கிடையாது. முகூர்த்தத்தை நம்பிப் பிழைக்கிற பேண்டு செட்டுக்காரனுக்கு அந்த இரண்டு மாதமும் கையும் வாயும் சும்மா இருக்கும். ஆடி முடிகிற நேரத்தில் ஆகஸ்ட் 15 வருகிறது. மார்கழி கழிந்து பொங்கல் வைத்த சூட்டோடு ஜனவரி 26 வருகிறது. யார் பார்த்து வைத்த பொருத்தமோ, திருப்பூர் மாதிரி ஊர்களில் பள்ளிக்கூட பேண்டு மாஸ்டர் என்கிற பிழைப்பே இந்தப் பொருத்தத்தின் மேல்தான் நிற்கிறது. வைகாசியிலும் ஆவணியிலும் மாப்பிள்ளை அழைப்பில் டிரம்பெட் ஊதுகிறவன், ஆடியில் வெள்ளைச் சட்டையும் விசிலுமாகப் பள்ளி மைதானத்தில் நிற்பான். நானும் அப்படி வந்தவன்தான்.

1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த ஸ்டிரைக்கைப் பற்றி இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அது முடிந்த மறுவருஷம் தேனிப் பக்கத்திலிருந்து எங்கள் அப்பா இங்கே வந்தார். நான் எட்டாவதோடு நின்று ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தேன். டைலர் தைத்துத் தள்ளுவதை எடுத்து மடித்து அடுத்த மிஷினுக்குக் கொடுக்கிற வேலை. எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே ஒரு பேண்டு செட்டுக்காரர் குடியிருந்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு அவர் திண்ணையில் போய் உட்காருவேன். முதலில் தாளத் தட்டைக் கையில் கொடுத்தார். பிறகு சைடு டிரம், அதற்கப்புறம் டிரம்பெட். பகலெல்லாம் ஓவர்லாக் மிஷின்களுக்கு நடுவே இருந்துவிட்டு வந்தவனுக்கு அவர் வீட்டுச் சத்தம் பெரிதாகவே தெரியவில்லை.

பள்ளிகளுக்கு பேண்டு மேல் ஆசை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2009 பிப்ரவரியில் திருப்பூர் தனி மாவட்டமானது. அதுவரை கோவைக்கும் ஈரோட்டுக்கும் பிரிந்து கிடந்த ஊர்கள் இவை. கலெக்டர் கொடியேற்றும் விழா நம் ஊருக்கே வந்ததும், சிக்கண்ணா கல்லூரி மைதானத்தில் நம் பிள்ளைகள் முன்னால் நடக்கவேண்டும் என்று ஒவ்வொரு கரஸ்பாண்டென்ட்டுக்கும் தோன்றிவிட்டது. போதாததற்கு இது கொடி காத்த குமரன் அடிபட்ட ஊர். 1932 ஜனவரி 10-ஆம் தேதி ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் விழுந்து, மறுநாள் இறந்தார் அவர். கொடிக்கு முன்னால் ஏனோதானோவென்று நடப்பதை இந்த ஊர் பொறுத்துக்கொள்ளாது.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்புவார். "மாஸ்டர், போன வருஷம் மாதிரியே அசத்திப்போடணுமுங்க" என்பார். போன வருஷம் அசத்திய பிள்ளைகளில் பாதிப் பேர் பத்தாவதுக்குப் போயிருப்பார்கள். பத்தாவது வந்துவிட்டால் டிரம்மைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஏழாவதில் குச்சி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, எட்டாவதில் காலையும் கையையும் சேர்த்து, ஒன்பதாவதில்தான் ஒரு பிள்ளை வாசிக்கவே தொடங்கும். அந்த நேரம் பார்த்து பொதுத்தேர்வு வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். ஆக, என் பேண்டு எப்போதுமே ஆரம்பிக்கிற நிலையில்தான் இருக்கும்.

ஆள் எடுக்கும்போது நான் பாட்டுப் பாடச் சொல்வதில்லை. "கேட்லிருந்து கொடிக்கம்பம் வரைக்கும் நட கண்ணு" என்பேன். சில பிள்ளைகளுக்கு ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து வரும். அதைத் திருத்திவிடலாம். நடக்கும்போது பக்கத்தில் வருகிறவனைப் பார்த்துத் தன் நடையை மாற்றிக்கொள்கிறானா என்றுதான் கவனிப்பேன். அவன் எனக்கு வேண்டியவன். ஊதுகிற கருவிக்கு முன்பல் பார்க்கவேண்டும். பால்பல் விழுந்து முளைத்து வரிசை நிற்காத வாயில் டிரம்பெட்டை வைத்தால் பல்லுக்கும் கேடு, பாட்டுக்கும் கேடு. பெரிய டிரம்முக்குப் பலசாலியைத் தேடுவார்கள் பி.டி. சார்கள். நான் அவசரப்படாத பிள்ளையைத் தேடுவேன். பேண்டை வேகமாக ஓட்டிக் கெடுப்பதும் நிதானத்தில் நிறுத்துவதும் அந்த ஒரு ஆள் கையில்தான் இருக்கிறது.

முதல் மூன்று வாரம் டிரம் கிடையாது. பெஞ்சுதான். வலக்கையில் இரண்டு அடி, இடக்கையில் இரண்டு அடி. 'மம்மி, டாடி' என்று சொல்லிக்கொண்டே அடிக்கவேண்டும். ராணுவ பேண்டு முதல் சினிமா ஸ்டுடியோ வரை டிரம் பழகியவர்கள் எல்லாரும் தாண்டி வந்த பாடம் இது. மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அடிகள் தனித்தனியாகக் கேட்காது. ஒரே இரைச்சலாக ஓடும். அதுதான் ரோல். வேகம் முதலிலேயே வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். இரண்டாவது அடி முதல் அடி அளவுக்குக் கேட்கிற வரை நான் விடமாட்டேன். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து, "மாஸ்டர், பக்கத்துல கணக்குப் பாடம் நடக்குதுங்க" என்று சொல்வதும் இந்த மூன்று வாரத்தில்தான்.

நடை வந்த பிறகுதான் கருவி. அணிவகுப்பின் குயிக் மார்ச் நிமிஷத்துக்கு 120 எட்டு, அதாவது அரை விநாடிக்கு ஒரு எட்டு. ராணுவத்தில் ஒரு எட்டின் நீளம் 30 அங்குலம். ஏழாம் வகுப்புப் பிள்ளையை 30 அங்குலம் எடுத்து வைக்கச் சொன்னால் தாண்டிக் குதிக்கும். அதனால் வேகத்தைக் குறைக்காமல் எட்டைச் சுருக்கச் சொல்வேன். பெரிய டிரம்மின் அடி இடது கால் தரையில் படும்போது விழவேண்டும். கிளம்பும் முன் சைடு டிரம்காரர்கள் மும்மூன்று எட்டு நேரத்துக்கு இரண்டு ரோல் போடுவார்கள். மூன்றாவதாக எல்லாக் கருவியும் சேர்ந்து விழும். நிறுத்துவதற்கு பேண்டு மேஜர் கோலை உயர்த்துவார், பெரிய டிரம் அடுத்தடுத்து இரண்டு தட்டுத் தட்டும். வேடிக்கை பார்க்கிறவர்களுக்குக் கோல் சுழற்றுவது அலங்காரமாகத் தெரியும். ஊதுகிறவர்கள் வாய்திறந்து பேசமுடியாது, டிரம் சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்காது. கோல்தான் அங்கே பேச்சு.

அணிவகுப்பில் பேண்டு மாஸ்டர் வாங்குகிற திட்டுகளில் பாதி, ஒலி செய்கிற வேலைக்கு வாங்குவது. "உங்க பேண்டு சரியில்லீங்க மாஸ்டர், எங்க பசங்க கால் மாறிப்போச்சு" என்று மற்ற பள்ளி பி.டி. சார் சண்டைக்கு வருவார். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பேண்டுக்குப் பக்கத்தில் நடக்கிறவனுக்கு அடி உடனே கேட்கும். 85 மீட்டர் தள்ளி நடக்கிறவனுக்குக் கால் விநாடி தாமதமாகக் கேட்கும். ஒரு எட்டே அரை விநாடிதான் என்றால், அவன் பாதி எட்டுப் பிந்திவிடுகிறான். கேட்டபடி சரியாகத்தான் அவன் நடக்கிறான். மேடையிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கால் அலை அலையாகத் தெரியும். பேண்டை மைதானத்தின் நடுவில், மேடைக்கு எதிரே நிறுத்துவது இதற்காகத்தான். இன்னொன்றும் செய்வேன்: பின்வரிசைப் பிள்ளைகளிடம், "காதால கேக்காதீங்க சாமி, கோலைப் பாருங்க" என்று சொல்லிவைப்பேன். வெளிச்சத்துக்குத் தாமதம் கிடையாதல்லவா.

குளிர் இன்னொரு வில்லன். ஜனவரி 26 காலை எட்டு மணிக்குப் பித்தளைக் குழாய் ஜில்லென்று இருக்கும். உள்ளே காற்றுக் குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கும். ஆகஸ்ட் வெயிலில் அதே டிரம்பெட் சுருதி ஏறி நிற்கும். குச்சியால் தட்டி வாசிக்கிற பெல் லைரின் உலோகப் பட்டைகளோ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டையும் சேர்த்து வாசித்தால் பல் கூசும். அதனால் விழாவுக்கு முன்னால் ஊதுகிற பிள்ளைகள் சத்தம் வராமல் வெறும் மூச்சைக் குழாய்க்குள் விட்டுச் சூடேற்றிக்கொண்டே நிற்கவேண்டும். பார்க்கிற பெற்றோர் பிள்ளைக்கு ஆஸ்துமாவோ என்று பதறுவார்கள்.

எனக்குப் பிடித்த சிக்கல் தமிழ்த்தாய் வாழ்த்துதான். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாடகத்தின் வரிகளை 1970-இல் அரசு விழாப் பாடலாக ஏற்றது, மெட்டு எம்.எஸ். விஸ்வநாதன். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாகவே அறிவித்தார்கள். 55 விநாடியில் பாடவேண்டும், எல்லாரும் எழுந்து நிற்கவேண்டும். ராகம் மோகனம். ஐந்தே சுரம். புல்லாங்குழல் தொட்ட பிள்ளைக்கும் பெல் லைர் தட்டுகிற பிள்ளைக்கும் இரண்டு வாரத்தில் வந்துவிடும். தாளம்தான் வராது. அது மூன்று எண்ணிக்கை, திஸ்ர நடை. ஜூனிலிருந்து இடது வலது, இடது வலது என்று இரண்டு இரண்டாகவே பழக்கப்பட்ட கை, மூன்றை எண்ணச் சொன்னால் நான்காவதையும் சேர்த்துப் போட்டுவிடும். ஒரே இடத்தில் நின்றுகொண்டு வாசிக்கிற பாட்டுத்தான். ஆனாலும் பிள்ளைகளின் குதிகால் ஷூவுக்குள் நடந்துகொண்டே இருக்கும். 'ஜன கண மன' 52 விநாடி; அதில் இந்தத் தொல்லை இல்லை. நான்கு நான்காகப் போய்விடும்.

பியூகிளைக் கொடுத்து எல்லாப் பாட்டும் ஊதச் சொல்கிறவர்கள் உண்டு. பியூகிளுக்கு வால்வே கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் வருகிற நான்கைந்து சுரம்தான் அதன் சொத்து. மோகனம்கூட அதில் முழுசாக வராது. டிரம்பெட்டில் மூன்று வால்வு இருப்பதால் பன்னிரண்டு சுரத்தானமும் கிடைக்கும். அதற்காக ஒரு டிரம்பெட்டை வாங்கிவிட்டு, ஒரு மாதத்தில் பிள்ளை ஊதும் என்று எதிர்பார்க்கக்கூடாது. முதல் மாதம் வெறும் மவுத்பீஸில் உதடு அதிரப் பழகினாலே பெரிது.

ஊர்த் திருவிழாவில் ஜமாப் அடிக்கிற குடும்பத்துப் பையன்கள் சிலர் வருவார்கள். தாளம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியிருக்கும். பெஞ்சில் மூன்று வாரம் தேவையில்லை. மூன்றாவது நாளே என்னைவிட நன்றாக அடிப்பார்கள். அவர்களோடு என் பாடு வேறு. அடியைக் கொஞ்சம் முன்னே தள்ளி, கொஞ்சம் பின்னே இழுத்து, ஆட வைக்கிற மாதிரி அடிப்பார்கள். மார்ச்சுக்கு அது ஆகாது. "அதை அப்படியே வெச்சுக்கோ, ஆண்டு விழாவுக்கு எடுத்துக்கலாம்" என்பேன். சொன்னபடி ஆண்டு விழாவில் அவர்களை விட்டுவிட்டால் கரஸ்பாண்டென்ட் முதற்கொண்டு நாற்காலியில் ஆடுவார்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தோல் கருவி என்றாலே யார் அடிப்பது, யார் அடிக்கக்கூடாது என்று கணக்கு வைத்திருக்கிற ஊர்ப்புறம் இது. பறை அடிக்கிற பெரியவரை வாசலோடு நிறுத்துகிறவர்கள், அதே வீட்டுப் பையன் சிவப்புச் சட்டையும் தங்கப் பட்டியும் போட்டு டிரம் அடித்தால் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். சட்டைக்குக் கிடைக்கிற மரியாதை அது. அவன் அப்பாவுக்கும் அது சேரவேண்டும் என்று அந்த மேடையில் யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

பேண்டு வெள்ளைக்காரன் சமாச்சாரம்தானே என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் வாதாடியிருக்கிறார். வந்த வழி அதுதான். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தோடு வந்தது. ஆனால் வந்ததும் நம் ஆட்கள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. சென்னைப் பக்கம் மணலியில் தங்கியிருந்த காலத்தில் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார் முத்துசாமி தீட்சிதர். பாட்டு வகுப்பில் பிள்ளைகள் முதலில் பாடும் நோட்டுசுரங்கள் அவை. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே ஒரு பேண்டு வைத்திருந்தார். பேண்டுக்காக வந்த கிளாரினெட் கச்சேரி மேடையேறி, திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கையில் முழுக் கர்நாடக வாத்தியமாகி, 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வரை போனது. இருநூறு வருஷம் நம் தெருவில் வாசித்த பிறகும் ஒன்றை அயலூர்ச் சரக்கு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

இனித் திருப்பூர்க் கதைக்கு வருகிறேன். இங்கே பெற்றோர்கள் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு வெளியே வருவார்கள். பள்ளி நாலேகாலுக்கு விடும். அதற்கும் அப்பா அம்மா வீட்டுக்கு வருவதற்கும் நடுவே பிள்ளைக்கு நான்கு மணி நேரம் பூட்டிய வீடுதான். பேண்டில் சேர்க்கப் பெற்றோர் காட்டுகிற ஆர்வத்துக்கு இதுவும் காரணம் என்று எனக்குத் தெரியும். "ஆறு மணி வரைக்கும் வெச்சுக்குங்க மாஸ்டர், போச்சாதுங்க" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். அவர் ஒரு கம்பெனியில் பேட்லாக் டைலர். பேண்டு சட்டையில் எந்தப் பிள்ளைக்குத் தோள் தொங்கினாலும் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்துத் தந்துவிடுவார். கையில் காசு வாங்கமாட்டார்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது பள்ளிகளில் நிறைய. வகுப்பில் தமிழ் தெரியாமல் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். பேண்டில் அவர்களுக்கு மொழிச் சிக்கல் கிடையாது. 'லெஃப்ட், ரைட்', 'குயிக் மார்ச்', 'மார்க் டைம்' எல்லாம் அனைவருக்குமே அயல் மொழி; எல்லாரும் ஒரே நாளில் கற்றுக்கொள்கிறார்கள். ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி ஏழாவதில் வந்து சேர்ந்தாள். வாயே திறக்கமாட்டாள். பெரிய டிரம்மைக் கொடுத்தேன், ஏனென்றால் அவளிடம் அவசரமே கிடையாது. இரண்டு மாதத்தில் சைடு டிரம் பையன்களை முறைத்துப் பார்த்தே அடக்க ஆரம்பித்தாள். அடுத்த வருஷம் "வேகமா போறான் மாஸ்டர் இவன்" என்று கொங்குத் தமிழில் புகார் சொன்னாள். ஒன்பதாவது பாதியில் அப்பாவுக்கு வேலை வேறு ஊருக்கு மாறிவிட்டது. டி.சி. வாங்கிப் போய்விட்டாள்.

இந்த ஊரில் பேண்டு நடத்துகிறவனுக்கு அதுதான் பெரிய தொல்லை. கான்ட்ராக்ட் மாறினால் குடும்பம் மாறும், குடும்பம் மாறினால் டிரம் ஆளில்லாமல் நிற்கும். தென் மாவட்டத்துக்காரர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போவார்கள். போனவர்கள் திரும்பிவருவது ஜனவரி இருபதோ இருபத்திரண்டோ. மாட்டுப் பொங்கலிலிருந்து 26-க்குப் பத்து நாள்தான். அதில் பாதி நாள் யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரியாமலே ஒத்திகை நடக்கும். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு பிள்ளைகளைப் பழக்கி வைப்பது என் வழக்கம். ஹெச்.எம்.கள் இதை வீண் என்பார்கள், ஜனவரி 24 வரை.

ரிப்பேர் விஷயத்தில் மட்டும் திருப்பூர்க்காரன் கொடுத்து வைத்தவன். பித்தளை வாத்தியங்கள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்து மீரட்டிலிருந்து வருகின்றன. அங்கே ஜலி கோட்டி என்கிற வட்டாரமே வாத்தியம் செய்யும் பட்டறைகளால் ஆனது. நாதிர் அலி கம்பெனி 1885-இல் தொடங்கியது. அவ்வளவு தூரத்துக்கு ரிப்பேருக்கு அனுப்ப முடியுமா? எங்களுக்கு அனுப்பர்பாளையம் இருக்கிறது. பித்தளையும் செம்பும் எவர்சில்வருமாகப் பாத்திரம் செய்கிற ஊர். கீழே போட்டு நசுங்கிய டிரம்பெட்டின் வாயை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால், குடத்துக்கு ஒடுக்கு எடுக்கிற மாதிரி உள்ளே கம்பியை விட்டுத் தட்டித் தட்டி நிமிர்த்திக் கொடுப்பார்கள். விட்டுப்போன இணைப்பைப் பற்றவைத்தும் தருவார்கள். ஒரு பட்டறைக்காரர் வேலை முடித்ததும் ஊதிப் பார்க்காமல் தரமாட்டார். அவர் ஊதுவது பாத்திரம் விழுகிற சத்தம் மாதிரிதான் இருக்கும், இருந்தாலும் காற்று ஒழுகுகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

வால்வுக்குத் தையல் மிஷின் ஆயில். அதற்கென்று விற்கிற எண்ணெயைவிடச் சற்றுக் கெட்டிதான். வாரம் ஒருமுறை துடைத்துவிட்டுப் போட்டால் ஓடும். பாலிஷ் போடப் பனியன் வேஸ்ட். பல ஊர் மெக்கானிக் ஷாப்புகளில் கை துடைப்பது இந்த ஊர்க் கழிவுத் துணியில்தான். எங்களுக்கு அது இலவசம். ஊதுகிற பிள்ளைகளுக்கு நான் கற்றுத்தருகிற முதல் பழக்கம், வாசித்து முடித்ததும் குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுத் துடைத்து வைப்பது. விட்டால் உள்ளே பச்சைக் களிம்பு ஏறும்.

இப்படியெல்லாம் இழுத்துப் பிடித்து ஓட்டியதை 2020 மார்ச் ஒரே நாளில் நிறுத்தியது. பள்ளிகள் மூடின. ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை 2021 செப்டம்பரில் திறந்தார்கள், சின்ன வகுப்புகளை நவம்பரில். ஊதுகிற கருவியை யாரும் வெளியே எடுக்க விடவில்லை. அதில் தப்புச் சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் நான் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனேன். திரும்ப வந்து ஸ்டோர் ரூமைத் திறந்தால் சைடு டிரம்களின் அடிக்கம்பிகள் துருவேறியிருந்தன. கிளாரினெட் பேடுகளைப் பூச்சி அரித்திருந்தது. தோல் போட்ட பழைய பெரிய டிரம்மை எலி தின்றிருந்தது. கருவியைவிட மோசம், மூத்த பிள்ளைகள் யாருமே இல்லை. ஒன்பதாவதுப் பையன் ஏழாவதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்கிற சங்கிலி அறுந்துவிட்டது. அதைத் திரும்பக் கோக்க இரண்டு ஆகஸ்ட் பிடித்தது.

சம்பளத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு தனியார் பள்ளி மாதத்துக்குத் தருவது, ஒரு பவர்டேபிள் டைலர் ஒரு வாரத்தில் எடுப்பதை ஒட்டி இருக்கும். இரண்டு மூன்று பள்ளி பிடித்தால்தான் அரிசி பருப்பு. ஜனவரி 27-ஆம் தேதியோடு, "இனி ஜூன்ல பாத்துக்கலாமுங்க மாஸ்டர்" என்று அனுப்பிவிட்ட பள்ளி உண்டு. அந்த மாதச் சம்பளத்தையும் 26-ஆம் தேதி வரை கணக்குப் பண்ணித்தான் கொடுத்தார்கள். அரசுப் பள்ளிப் பணியிடங்களில் பேண்டு மாஸ்டர் என்று ஒரு பெயரே கிடையாது. 2012-இல் பகுதிநேர ஆசிரியர்களாக 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தபோது உடற்கல்வி, ஓவியம், தையல், இசை என்றெல்லாம் இருந்தது. நாங்கள் அதில் எங்கேயும் பொருந்தவில்லை. ராணுவத்தில் பேண்டு வாசிப்பவர்களுக்குப் பச்மடியில் தனிப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. எங்களுக்குத் திண்ணைதான் பள்ளி.

தேசிய அளவில் பள்ளி பேண்டுப் போட்டி நடக்கிறது. இறுதிச் சுற்று குடியரசு தினத்தை ஒட்டி டெல்லியில். ஆண்கள் பிராஸ், பெண்கள் பிராஸ், ஆண்கள் பைப், பெண்கள் பைப் என்று நான்கு பிரிவு. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் இருப்பதோ டிரம், பியூகிள், புல்லாங்குழல், இருந்தால் ஒரு பெல் லைர். இதை பிராஸ் என்றும் சொல்லமுடியாது, பைப் என்றும் சொல்லமுடியாது. நம் மாவட்டத்திலேயே அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. அணிவகுப்பு அங்கே அன்றாடப் பாடம். நகரத்துப் பள்ளிகளில் அது வருஷத்துக்கு இரண்டு காலை நேரம். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட மாஸ்டரின் தொண்டை மட்டும் போதாது.

இந்த ஊர் முதலாளிகளுக்குத் தாராளமான கை. பள்ளிக்கு பேண்டு செட் வேண்டும் என்றால் புதிதாக ஒன்று வாங்கி, பெரிய டிரம்மின் முகத்தில் கம்பெனிப் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை செட் வாங்கித் தரும்போது அந்தப் பணத்தில் நான்கில் ஒரு பங்கைப் பராமரிப்புக்குப் பிடித்து வையுங்கள். டிரம் முகம் இரண்டு, அடிக்கம்பி, கிளாரினெட்டுக்கு ரீட், குச்சி இரண்டு டஜன், பூட்டுப் போட்டு எலி வராத ஒரு அலமாரி. இதற்கெல்லாம் நன்கொடை தர யாரும் வருவதில்லை. ஹெச்.எம்.களிடம் கேட்பது இன்னும் சின்னது. வாரத்துக்கு இரண்டு பிரிவேளை, வருஷம் முழுக்க. பிப்ரவரியிலும் எங்களைக் கூப்பிடுங்கள்.